இடச்செவியும் வலச்செவியும்

மனம் சோர்ந்தவர்களை நம்பி நடக்கும் வாணிகம் மிகப் பழையது. தாயத்தாகவும், மந்திரித்த எண்ணெயாகவும், எண்கணிதமாகவும் வாசல்தோறும் வந்துபோன அவ்வாணிகம் இன்று ஒலியின் வடிவில் நம் கைபேசிகளுக்குள் குடியேறியிருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு கண்களை மூடினால், மெல்லியதொரு தட்டல் ஓசை முதலில் இடச்செவியில் கேட்கிறது. ஒரு நொடி கழித்து வலச்செவியில் கேட்கிறது. மீண்டும் இடம், மீண்டும் வலம். அதன் அடியில் மழையோசையோ கடலோசையோ ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் இதைக் கேட்டால் மன அழுத்தம் கரையும், அச்சம் விலகும், மூளையின் இரு பாதிகளும் சமநிலை அடையும், ஆண்டுக்கணக்கில் உள்ளத்தில் புதைந்து கிடக்கும் காயங்களும் தாமாகவே ஆறிவிடும் என்று அதன் கீழே எழுதி வைத்திருக்கிறார்கள். யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை என்பதை ஒரு தனிச்சிறப்பாகவே விளம்பரப்படுத்துகிறார்கள். இக்கடைசி வாக்குறுதியே நம்மை எழுதத் தூண்டியது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். இவ்வொலியைக் கேட்டு ஒருவர் சற்று இளைப்பாறினார் என்றால் அதை மறுக்கும் எண்ணம் நமக்கில்லை. பகலெல்லாம் தையற்கூடத்தின் இரைச்சலில் நின்றுவிட்டு வரும் ஒரு பெண், பத்து நிமிடம் கண்மூடி அமர்ந்து, சீரான ஓசையொன்றைக் கேட்டு, மூச்சு சீராகி எழுந்தால் நல்லதுதான். தூளியில் கிடத்திய குழந்தையை இடமும் வலமுமாக ஆட்டித் தூங்கவைத்த நம் பாட்டிமாருக்கு இதில் புதுமையேதும் தோன்றாது. சீரான தாளமும், அசையாத உடலும், இடையூறில்லாத பத்து நிமிடமும் சேர்ந்தால் மனிதர் யாரும் சற்றுத் தணிவர். இவ்வளவே சொல்லி விற்றிருந்தால் நாம் பேனாவை எடுத்திருக்கமாட்டோம். இளைப்பாறுதலைக் குணமாக்குதல் என்று பெயர் மாற்றி விற்கிறார்களே, அதைத்தான் எதிர்க்கிறோம்.

இந்த இடம்-வலம் ஓசைக்கு ஒரு வரலாறு உண்டு. அதை அறிந்தால் எங்கே கலப்படம் நடந்தது என்பது விளங்கும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1987ஆம் ஆண்டு ஃபிரான்சின் ஷாபிரோ என்னும் அம்மையார் ஒரு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, தம்மை அலைக்கழித்த எண்ணங்கள் வலுவிழந்து போவதை உணர்ந்தார். அவ்வேளையில் தம் கண்கள் இடமும் வலமுமாக விரைந்து அசைந்ததைக் கவனித்தார். அதிலிருந்து ஒரு சிகிச்சை முறையை வகுத்து, பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களும் வியத்நாம் போரில் உள்ளம் உடைந்தவர்களுமாக 22 பேரிடம் சோதித்து, 1989இல் முடிவுகளை வெளியிட்டார். ஈ.எம்.டி.ஆர். என்னும் பெயரால் அம்முறை உலகெங்கும் பரவியது. கண்ணசைவுக்கு மாற்றாக உள்ளங்கைகளில் மாறி மாறித் தட்டுவதும், செவிகளில் மாறி மாறி ஓசை எழுப்புவதும் பின்னர் சேர்ந்தன. பார்வைக் குறையுள்ளவர்களுக்கும், கண்ணசைத்தால் தலைசுற்றுபவர்களுக்கும் இம்மாற்றுவழிகள் பயன்பட்டன.

தொடக்கத்தில் இம்முறையை எள்ளி நகையாடிய அறிஞர் பலர். ஆயினும் சோதனைகள் பெருகப் பெருக, கொடுந்துயருக்குப் பின் வரும் மனநோய்க்கு இது பயன் தருகிறது என்பது நிலைபெற்றது. 2013இல் உலக நலவாழ்வு நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் இதற்கு இடம் கிடைத்தது. 2019இல் மறைந்த அவ்வம்மையார் தம் வாழ்நாளிலேயே இந்த ஏற்பைக் கண்டார். இவ்வளவும் உண்மை. இவ்வுண்மையைத்தான் ஒலி விற்பவர்கள் முதலாகப் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சிகிச்சை என்பது என்ன? அது எட்டுக் கட்டங்களைக் கொண்டது. முதற்கட்டத்தில் நோயாளியின் வாழ்க்கை வரலாறு கேட்கப்படுகிறது. இரண்டாவதில் அவர் ஆயத்தப்படுத்தப்படுகிறார். துயரம் பொங்கி வந்தால் எங்கே கால் ஊன்றி நிற்பது என்று அவருக்குக் கற்றுத் தரப்படுகிறது. மூன்றாவதில் எந்த நினைவு, அந்நினைவில் எந்தக் காட்சி, அக்காட்சி தம்மைப் பற்றி அவரை என்ன நம்பவைத்திருக்கிறது, உடலில் எங்கே அது வலிக்கிறது என்றெல்லாம் வரையறுக்கப்படுகிறது. இவை முடியும்வரை காயத்தைத் தொடும் வேலை தொடங்குவதேயில்லை. தொடங்கிய பின்னும், சில பத்து அசைவுகளுக்கு ஒருமுறை நிறுத்தி, "இப்போது என்ன தோன்றுகிறது?" என்று கேட்கும் ஒருவர் எதிரே அமர்ந்திருக்கிறார். ஒவ்வொரு அமர்வின் முடிவிலும் நோயாளியை நிலைக்குக் கொண்டுவந்தே வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அடுத்த அமர்வில் முந்தையதை மீண்டும் ஆராய்கிறார்கள்.

இத்தனை பெரிய கட்டடத்திலிருந்து ஒரேயொரு செங்கல்லை உருவி எடுத்து, வீடு கட்டித் தந்துவிட்டோம் என்கிறார்கள் நம் ஒலி வாணிகர்கள். கேட்பவர் இல்லை, கேள்வி இல்லை, ஆயத்தம் இல்லை, நினைவும் இல்லை. தட்டல் ஓசை மட்டும் இருக்கிறது. அப்படியெனில் அவ்வோசை ஒன்றே மருந்தாக இருக்க வேண்டும். இருக்கிறதா?

இவ்வினாவை அறிவியலாளர்களே தங்களுக்குள் கடுமையாக விவாதித்திருக்கிறார்கள். 2001இல் டேவிட்சன், பார்க்கர் என்னும் இருவர் 34 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, சிகிச்சையில் கண்ணசைவு தனியே கூடுதல் பயன் எதையும் தருவதாகத் தெரியவில்லை என்றனர். 2013இல் லீ, கௌபர்ஸ் என்னும் இருவர் 26 ஆய்வுகளை ஆராய்ந்து, இல்லை, கண்ணசைவுக்கும் ஒரு பங்குண்டு என்றனர். விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. ஆயினும் கவனியுங்கள்: இவ்விரு தரப்பும் வாதிட்டது கண்ணசைவைப் பற்றியே. செவியோசையின் நிலை இதைவிட மெலிந்தது. நெதர்லாந்து நாட்டில் வான் டென் ஹௌட் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகளிடம் இரண்டையும் ஒப்பிட்டு 2012இல் வெளியிட்ட ஆய்வின் தலைப்பே, சிகிச்சையில் கண்ணசைவைவிட ஓசை தாழ்ந்தது என்று அறிவிக்கிறது. சிகிச்சை அறைக்குள், பயிற்சி பெற்றவரின் கண்முன்னே கூட இரண்டாமிடம் பெற்ற ஒன்றுதான் இன்று அறைக்கு வெளியே முதலிடம் பெற்று விற்பனையாகிறது.

கண்ணசைவு ஏன் உதவுகிறது என்பதற்கு இன்று பலரும் ஏற்கும் விளக்கம் ஒன்றுண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். நம் வழக்கின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. மனிதனுடைய மனத்தில், அந்தந்த நேரத்துக்கு வேண்டியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யும் ஒரு சிறு மேசை இருக்கிறது என்று கொள்ளுங்கள். ஆங்கில உளவியலாளர் ஆலன் பேட்லியும் கிரகாம் ஹிட்சும் 1974இல் இதை ஒரு கோட்பாடாகவே வகுத்தனர். அம்மேசையில் இடம் குறைவு. துயர நினைவொன்றை எடுத்து அதன்மேல் விரித்து வைக்கும்போதே, கண்களை இடமும் வலமும் அசைக்கும் வேலையையும் அதே மேசையில் வைத்தால், இடம் போதாமல் நினைவு தன் கூர்மையை இழக்கிறது. காட்சியின் நிறம் மங்குகிறது. அதோடு ஒட்டிய நடுக்கம் குறைகிறது. அப்படி மங்கிய நிலையிலேயே அது திரும்ப மனத்தின் பேழைக்குள் போய்ச் சேருகிறது. 1997இல் ஆண்ட்ரேட், கவனா ஆகியோரும் அதே பேட்லியும் சேர்ந்து செய்த சோதனைகள் இதற்கு அடிகோலின.

இவ்விளக்கம் சரியெனில், அதிலிருந்து இரண்டு செய்திகள் பெறப்படுகின்றன. நினைவை எடுத்து மேசைமேல் வைக்காதவரை அதற்கு ஒன்றும் நேராது. கடலோசையையும் தட்டலோசையையும் கேட்டுக்கொண்டு, எதையும் நினையாமல் சாய்ந்து கிடப்பவரின் துயர நினைவு பேழைக்குள் பத்திரமாக, கூர் மழுங்காமல் கிடக்கிறது. அவர் இளைப்பாறுகிறார், காயம் அப்படியே இருக்கிறது. இது ஒன்று. மற்றொன்று, மேசையில் வைக்கும் இரண்டாவது வேலை ஓரளவு கடினமாக இருந்தால்தான் நினைவு மங்கும். செவியில் விழும் தட்டலைச் சும்மா கேட்டிருப்பதைவிட எளிய வேலை வேறென்ன? நெதர்லாந்து ஆய்வில் ஓசை பின்தங்கியதற்கும் இதையே காரணமாகக் காட்டுகின்றனர். ஆக, கேட்பதற்கு எவ்வளவு இதமாக இருக்கிறதோ அவ்வளவுக்குக் காயத்தின்மேல் அதன் பிடி தளர்கிறது. விளம்பரத்தில் இதைச் சொல்ல யாருக்கு மனம் வரும்?

இவ்விளக்கம் பிழையானால்? அப்போதும் விற்பவர்களுக்கு வெற்றியில்லை. தட்டலோசை மட்டும் தனியே நின்று காயத்தை ஆற்றுகிறது என்று அவர்கள்தாம் மெய்ப்பித்துக் காட்டவேண்டும்.

அவர்கள் காட்டுவதோ மூளையின் படம். இட மூளை கணக்குப் பார்க்குமாம், வல மூளை உணர்ச்சிவசப்படுமாம், இரண்டும் பேச்சுவார்த்தையின்றிப் பிரிந்து கிடக்குமாம், மாறி மாறி ஒலிக்கும் ஓசை சமாதானத் தூதுவராகச் சென்று இரண்டையும் கைகுலுக்க வைக்குமாம். ரோஜர் ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு பெற்றுத்தந்த ஆய்வைப் பிடித்துக்கொண்டு இக்கதை ஊர் சுற்றுகிறது. ஸ்பெரி ஆராய்ந்தவர்கள் வலிப்பு நோய்க்காக மூளையின் இருபாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்தை அறுவை செய்து துண்டித்தவர்கள். நம் எல்லாருக்கும் அந்தப் பாலம் ஏறத்தாழ 20 கோடி நரம்பிழைகளோடு அறுபடாமல் இருக்கிறது. பேச்சுவார்த்தை அங்கே இமைப்பொழுதும் நின்றதில்லை.

செவியைப் பொறுத்தவரை இக்கதை இன்னும் பொருந்தாது. இடச்செவியில் விழும் ஓசை வல மூளைக்கு மட்டும் போகிறது என்று எண்ணுவது தவறு. செவி நரம்பு மூளைத்தண்டை எட்டியதுமே பாதைகள் பிரிந்து, குறுக்கே கடந்து, இருபுறமும் ஏறுகின்றன. எதிர்ப்புறத்துக்குச் சற்றுக் கூடுதல் பங்கு, அவ்வளவே. இரு செவிகளின் செய்தியும் அங்கேயே ஒப்பிடப்படுகிறது. ஓர் ஓசை ஒரு செவிக்கும் மறு செவிக்கும் வந்துசேரும் கால வேறுபாடு ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு; அதைக் கொண்டே நமக்கு ஓசை எப்பக்கமிருந்து வருகிறது என்று தெரிகிறது. இருபுறத்தையும் இணைக்கும் இவ்வேலையை மூளைத்தண்டு பேருந்து நிலையத்திலும் செய்கிறது, சந்தையிலும் செய்கிறது. அதற்குக் கட்டணம் செலுத்தவேண்டியதில்லை.

இன்னொரு கேள்வியும் கேட்டு வைப்போம். பிறவியிலேயே ஒரு செவி கேளாதவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய மூளைப்பாதிகள் ஒன்றோடொன்று பேசாமல் கோபித்துக்கொண்டா இருக்கின்றன?

சரக்கில் இன்னொரு கலப்படமும் உண்டு. மாறி மாறி ஒலிப்பது வேறு. இரு செவிகளிலும் ஒரே நேரத்தில் சற்றே வேறுபட்ட இரு சுருதிகளை ஒலிப்பது வேறு. ஒரு செவியில் நொடிக்கு 400 அதிர்வும் மறு செவியில் 410 அதிர்வும் கொண்ட ஓசையைக் கேட்டால், நொடிக்குப் பத்து முறை விம்மும் ஓர் ஓசையை மூளை தானே உண்டாக்கிக் கேட்கிறது. ஜெர்மானியரான ஹைன்ரிச் வில்ஹெல்ம் டோவ 1841இல் எழுதி வைத்த விந்தை இது. 1973இல் ஜெரால்ட் ஆஸ்டர் எழுதிய கட்டுரையால் மீண்டும் வெளிச்சம் பெற்றது. 1975இல் ராபர்ட் மன்றோ என்பவர் இதை உறக்கத்துக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். மூளையின் மின்னலைகள் இவ்விம்மலைப் பின்தொடர்ந்து ஒத்திசைகின்றன என்பது விற்பனைக் கோட்பாடு. 2023இல் இதுபற்றிய 14 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஐந்து ஆதரவாகவும் எட்டு எதிராகவும் ஒன்று கலவையாகவும் நின்றன. இதற்கும் ஷாபிரோ அம்மையாரின் சிகிச்சைக்கும் உறவேயில்லை. ஆயினும் ஒன்றின் சான்றிதழை மற்றொன்றின் புட்டியில் ஒட்டி விற்கிறார்கள். 8டி ஆடியோ என்று ஓசையைத் தலையைச் சுற்றிச் சுழலவிடும் பாட்டுகளுக்கும் அதே சான்றிதழ்தான். எட்டுப் பரிமாணம் எங்கிருந்து வந்தது என்று கணித ஆசிரியர்கள் யாராவது விளக்கினால் நன்றியுடையவர்களாயிருப்போம்.

நேர்மையைக் கருதி மறுபக்கத்துக்கும் ஒரு சான்று தருகிறோம். இங்கிலாந்தில் அறுவைக்குக் காத்திருந்த 108 நோயாளிகளிடம் நடந்த சோதனை 2005இல் வெளியானது. இவ்விம்மல் கலந்த ஒலியைக் கேட்டவர்களின் பதற்றம் நூற்றுக்கு 26 அளவுக்கும், விம்மலில்லாத அதே ஒலியைக் கேட்டவர்களுக்கு 11 அளவுக்கும், ஒன்றும் கேளாதவர்களுக்கு ஏறத்தாழ 4 அளவுக்கும் குறைந்தது. நல்ல செய்தி. அறுவைக்கூடத்தின் வாசலில் அரைமணி நேரம் அச்சம் தணிவது சிறு காரியமன்று. ஆனால் அது அரைமணி நேரத்து அச்சம்; அறுவை முடிந்ததும் அதன் காரணமும் முடிந்துவிடும். மகனை இழந்தவளின் துயரம் அவ்வகைப்பட்டதா?

இவ்விடத்தில் நம்மவர்கள் சிலரிடமும் வழக்காட வேண்டியிருக்கிறது. இவ்வொலிகளைக் கேட்டால் மனம் திறந்து தீய ஆவி நுழைந்துவிடும் என்று சில செபக்கூட்டங்களில் அச்சுறுத்துவதாகக் கேள்விப்படுகிறோம். காற்றின் அதிர்வு செவிப்பறையில் பட்டு நரம்பில் ஓடுவதில் பேய்க்கு என்ன வேலை? பொய்யான மருந்தைப் பொய்யான அச்சத்தால் எதிர்ப்பது வாணிகனுக்கே விளம்பரமாகும். இந்த எச்சரிக்கையைக் கேட்டு ஒலியைக் கைவிட்டவர்களில் எத்தனை பேர் அடுத்த நாள் மருத்துவரிடம் போனார்கள்? அச்சுறுத்தியவர்களாவது அவர்கள் அருகில் உட்கார்ந்து பேசவிட்டுக் கேட்டார்களா?

நாம் அறிந்த இல்லமொன்றில் மூத்த மகன் இருசக்கர வாகன விபத்தில் இறந்தான். தாய் உறங்குவதில்லை, உண்பதில்லை. வெளிநாட்டிலிருந்த நாத்தனார் மகள், அத்தையின் மேல் கொண்ட அன்பினால், விலையுயர்ந்த ஹெட்போன் ஒன்றையும் இத்தகைய ஒலிப்பதிவுகளையும் அனுப்பிவைத்தாள். வீட்டார் நல்லவர்கள். அம்மா அதை மாட்டிக்கொண்டு அமர்ந்தால் தொலைக்காட்சியின் ஓசையைக் குறைப்பார்கள். பிள்ளைகளை அதட்டி வெளியே அனுப்புவார்கள். நான்கு மாதங்கள் இப்படியே சென்றன. அம்மா அமைதியாகிவிட்டார் என்று எல்லாரும் ஆறுதலடைந்தார்கள். வீடு சந்திக்கச் சென்றபோது அவர் நம்மிடம் சொன்னது இது: "காதில இத மாட்டிக்கிட்டா யாரும் எங்கிட்ட பேச வர்றதில்ல சாமி." அது குறையா நிம்மதியா என்று முதலில் விளங்கவில்லை. பிறகு அவர் மகனின் பெயரைச் சொன்னார். அந்த வீட்டில் அப்பெயர் வாய்விட்டு ஒலித்து வெகுநாளாயிற்று என்பது மற்றவர்கள் திடுக்கிட்டுத் திரும்பியதிலிருந்தே தெரிந்தது. மருமகள் அடுப்படியிலிருந்து வந்து கதவருகில் நின்றாள். பெரியவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

அத்தாயை நாம் குறை சொல்லவில்லை, அப்பெண்ணையும் சொல்லவில்லை. யாரிடமும் எதையும் சொல்லத் தேவையில்லை என்ற விளம்பர வாசகம் ஓர் இல்லத்தில் என்ன செய்யும் என்பதற்காகவே இதைக் குறித்தோம். சொல்பவருக்குத் தேவையில்லை என்றால் கேட்பவருக்கும் தேவையில்லை என்றாகிவிடுகிறது. துயருற்றவரை விட அவரைச் சுற்றியிருப்பவர்களுக்கே இவ்வொலி அதிகம் ஆறுதல் தருகிறதோ என்று ஐயுறுகிறோம். அவருடைய அழுகை நம்மைத் தொந்தரவு செய்கிறது. ஹெட்போன் அதை அடக்கிவிடுகிறது. நம் ஊர்ப் பெண்கள் இழவு வீட்டில் ஒருவர் தோளை ஒருவர் கட்டிக்கொண்டு, அசைந்தாடி, ஒப்பாரியில் இறந்தவனின் பெயரையும் பெருமையையும் சொல்லிச் சொல்லி அழுதார்கள். அதை நாகரிகமற்றது என்று ஒதுக்கிவிட்டோம். அங்கேயும் தாளம் இருந்தது, அசைவு இருந்தது. நினைவும் இருந்தது, பக்கத்தில் ஆளும் இருந்தார்கள்.

இருபுறத்து ஓசையால் துயரைத் தணிக்கும் முயற்சி திருச்சபை வரலாற்றுக்கும் புதியதன்று. அந்தியோக்கியாவில் ஃபிளாவியன், தியோதோர் என்னும் இருவர் பாடகர் குழுவை இரண்டாகப் பிரித்துத் தாவீதின் திருப்பாடல்களை மாறி மாறிப் பாடக் கற்பித்ததாகத் தெயதோரேத் எழுதுகிறார். 386ஆம் ஆண்டு மிலான் நகரில், அரசி யுஸ்தினாவின் நெருக்கடிக்கு ஆளான ஆயர் அம்புரோசியாரோடு மக்கள் கோவிலுக்குள் இரவுபகலாகக் காத்திருந்தார்கள். கீழைத் திருச்சபையின் வழக்கப்படி பாடும் முறை அப்போதுதான் அங்கே புகுத்தப்பட்டது; துயரத்தாலும் சோர்வாலும் மக்கள் வாடிவிடக்கூடாது என்பதே அதற்குக் காரணம் என்று தம் ஒப்புதல்கள் நூலின் ஒன்பதாம் புத்தகத்தில் புனித அகுஸ்தினார் குறிப்பிடுகிறார். அவருடைய தாய் மோனிக்காவும் அக்கூட்டத்தில் இருந்தார். மன அழுத்தத்துக்குத்தான் அந்த மருந்து. ஆனால் இடப்பக்கத்திலிருந்து வந்த குரல் அண்டை வீட்டாருடையது, வலப்பக்கத்திலிருந்து வந்தது உறவினருடையது. வாசலில் என்ன நடக்கிறது என்பதையும் எல்லாரும் அறிந்தே பாடினார்கள். அந்த மக்களை ஆளுக்கொரு ஹெட்போனோடு தனித்தனியே படுக்கவைத்திருந்தால் அரசியின் வேலை எளிதாகியிருக்கும்.

நம்மை நோக்கி எழக்கூடிய வலுவான மறுப்பு ஒன்றுண்டு. அதைத் தவிர்த்துச் செல்வது முறையன்று. "மனநல மருத்துவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பயிற்சி பெற்ற ஆற்றுப்படுத்துநர் எத்தனை பேர்? அவர்களுக்குக் கொடுக்க எளியவர்களிடம் பணம் ஏது? ஒன்றுமில்லாதவர்களுக்கு இந்த இலவச ஓசையாவது இருக்கட்டுமே" என்பார்கள். உண்மை கசக்கிறது. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, பெரும்பாலான மனநோய் வகைகளில் நூற்றுக்கு 70 பேருக்கும் மேல் சிகிச்சை பெறாமலேயே இருப்பதைக் காட்டியது. ஆனால் இதிலிருந்து பெறப்படும் முடிவு என்ன? நாற்பது ஊருக்கு ஒரு கிணறு இருந்தால், மற்ற ஊர்களுக்குத் தண்ணீர் சலசலக்கும் ஓசையைப் பதிவு செய்து அனுப்பலாமா? சிகிச்சை கிட்டாமையே இவ்வாணிகத்தின் மூலதனம். ஓசை போதும் என்று மக்கள் நம்பத் தொடங்கினால், மாவட்ட மருத்துவமனைக்கு ஒரு மனநல மருத்துவர் வேண்டும் என்று கேட்கும் குரலும் ஓய்ந்துவிடும்.

இலவசம் என்பதிலும் முழு உண்மையில்லை. முதல் பத்து நிமிடம் இலவசம். ஆழ்ந்த உறக்கத்துக்கு மாதச்சந்தா. மேலும், ஷாபிரோவின் முறையில் ஆயத்தக் கட்டம் காரணமின்றி வைக்கப்படவில்லை. கொடிய அனுபவங்களால் மனம் துண்டுபட்டவர்கள், தனியறையில் தாமாகவே துயர நினைவுகளைக் கிளறிக்கொண்டு இவ்வோசையைக் கேட்கத் தொடங்கினால், பொங்கி வருவதைத் தாங்க அருகில் யாருமிருக்கமாட்டார்கள். சிகிச்சையாளர்களே இதை எச்சரிக்கிறார்கள். ஆக, நினையாமல் கேட்டால் காயத்துக்குப் பயனில்லை. நினைத்துக்கொண்டு தனியே கேட்டால் சிலருக்கு ஆபத்து. செயலி இவ்விருவரையும் பிரித்தறியாது. இருவருக்கும் ஒரே தட்டல்.

உண்மையாகவே ஒன்றுமில்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு மெக்சிகோவிலிருந்து ஒரு சான்று உண்டு. 1997இல் பாலின் என்னும் சூறாவளி அகபுல்கோ நகரைச் சூறையாடியது. அங்கே தப்பிப் பிழைத்த குழந்தைகளிடையே பணியாற்றிய லூசினா அர்திகாஸ், இக்னாசியோ ஹரேரோ ஆகியோர், கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்து, வண்ணத்துப்பூச்சியின் சிறகுகளைப்போல் இடமும் வலமும் மாறி மாறித் தட்டிக்கொள்ளும் ஒரு முறையைக் கற்பித்தார்கள். வண்ணத்துப்பூச்சி அணைப்பு என்று அதற்குப் பெயர். கருவி வேண்டாம், மின்சாரம் வேண்டாம், சந்தா வேண்டாம். பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து, நடந்ததைப் படமாக வரைந்து, பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கத் தட்டினார்கள். இடம்-வலம் என்னும் அதே சரக்குதான். அதனைச் சுற்றி இருந்த ஏற்பாட்டைப் பாருங்கள்.

எனவே நம் மக்களிடம் சில செய்திகளைச் சொல்லி வருகிறோம். உறக்கத்துக்கு முன் இவ்வொலியைக் கேட்டுப் பழகியவர்கள் கேட்கட்டும். ஒலியளவைப் பாதிக்குக் கீழே வைத்துக்கொள்ளட்டும். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபலுக்கு மிகாமல் என்பது உலக நலவாழ்வு நிறுவனம் வகுத்த எல்லை. பிள்ளைகளுக்கு அது 75 டெசிபல். வண்டி ஓட்டும்போதும் சாலையைக் கடக்கும்போதும் ஹெட்போனைக் கழற்றிவிட வேண்டும். இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமில்லை, பசியில்லை, நடந்தது திரும்பத் திரும்பக் கண்முன் வருகிறது, சாகத் தோன்றுகிறது என்றால் அங்கே ஒலிப்பதிவுக்கு வேலையில்லை. மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும், உடன் ஒருவர் போகவும் வேண்டும். 2022 அக்டோபரில் நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசி உதவிக்கு 14416 என்ற எண். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். கோவில் முன்வாயிலில் வாகன நிறுத்த அறிவிப்புக்கு ஒதுக்கிய இடத்தில் பாதியை இவ்வெண்ணுக்குத் தந்திருக்கிறோம். ஈமச் சடங்கு முடிந்து முப்பதாம் நாள் வழிபாட்டோடு இழவு வீட்டை மறந்துவிடாமல், மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் அன்பியத்திலிருந்து இருவராகச் சென்று, இறந்தவரின் பெயரைத் தாங்களே முதலில் எடுத்துப் பேச வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டிருக்கிறோம். என்ன பேசுவது என்று தெரியவில்லையே என்பவர்களுக்கு, ஒரு புகைப்படத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் என்கிறோம்.